பொடி நனையவில்லை

"கேட்டீங்களா?"

"யாரை?"

"யாரையா? உங்க டைரக்டரைத்தான். அடுப்பு வேணும்னு கேட்டீங்களா இல்லையா?"

"கேக்கத்தான் போனேன். அவர் ஃபோன்ல பேசிட்டிருந்தார்."

"எப்பவாவது ஃபோனை வச்சிருப்பாரே."

"வச்சார். வச்சுட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சார். அவ்வளவு நல்லாச் சிரிக்கிற மனுஷன்கிட்ட போய் எப்படிம்மா அடுப்பு கேக்கறது?"

இது ஆறு வருடத்துக்கு முந்தைய பேச்சு. கலக்கிக்கு இன்றைக்கும் ஒரு வரி பிசகாமல் நினைவிருக்கிறது. ஞாபகசக்தி பிரமாதம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆறு வருடமாக வாரம் ஒரு முறையாவது அதே பேச்சு அவன் வீட்டில் மறு ஒலிபரப்பு ஆனது. கேள்வி மாறவே இல்லை. பதில்தான் கொஞ்சம் கொஞ்சம் மாறும். ஒரு வாரம் டைரக்டர் மீட்டிங்கில் இருப்பார். ஒரு வாரம் மாடிப்படி இறங்கிக்கொண்டிருப்பார். இறங்குகிற மனிதரை நிறுத்திக் கேட்பது மரியாதையா? ஒரு முறை மீசையை எடுத்துவிட்டிருந்தார். அவர்தானா என்று கலக்கி யோசித்து முடிப்பதற்குள் லிஃப்ட் மூடிக்கொண்டது.

அவன் மனைவி தெருமுனையில் ரொட்டிக்கடை வைத்திருந்தாள். ஒரு நாளைக்கு நூறு பேரிடம் "என்ன வேணும்?" என்று கேட்டு, கேட்டதைக் கொடுத்து அனுப்புகிறவள். வேண்டியதை வாயைத் திறந்து சொல்வதில் என்ன கஷ்டம் இருக்க முடியும் என்பது அவளுக்குக் கடைசிவரை புரியவில்லை.

"எங்க கடைக்கு நாலு வயசுப் பிள்ளை வருது. கவுன்ட்டர் எட்டாது. ஆனா 'பன்னு'ன்னு எவ்வளவு தெளிவாச் சொல்லுது தெரியுமா?"

"அது பன்னும்மா. இது அடுப்பு."

கலக்கி என்பது அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, தொழில் வைத்தது. இலகு உலோக வலுவூட்டல் நிறுவனத்தின் தரைத்தளத்தில், உருகிய அலுமினியத்தை இயந்திரத் துடுப்பால் கலக்கிக்கொண்டே இருப்பவன் என்பதால் அந்தப் பெயர். நான்கு மாடிக் கட்டடத்தில் நூற்றுப் பத்துப் பேர் வேலை பார்த்தார்கள். அதில் உலோகத்தை உருக்குகிறவன் அவன் ஒருத்தன்தான். மற்ற நூற்று ஒன்பது பேரும் உருக்கியதைப் பற்றி எழுதினார்கள், எழுதியதைச் சரிபார்த்தார்கள், சரிபார்த்ததற்கு முத்திரை வைத்தார்கள்.

அலுமினியம் என்பது நல்ல குடும்பத்துக்கு வாய்த்த சாது மாப்பிள்ளை மாதிரி. எடை கிடையாது, பளபளப்பு உண்டு, சொன்னபடி வளையும். ஆனால் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் ஒடுங்கிவிடும். அதற்குள் சிலிக்கான் கார்பைடு என்ற கருப்புப் பொடியையோ, பூனைமீசையைவிட மெல்லிய வெள்ளை இழைகளையோ சரியாகக் கலந்துவிட்டால் போதும், எடை ஏறாமலேயே முதுகெலும்பு முளைத்துவிடும். இதைச் செய்து காட்டத்தான் அந்த நிறுவனமே.

இழைகளைக் கவனிக்க மூன்றாம் மாடியில் இழைப் பிரிவு. பொடியைக் கவனிக்க இரண்டாம் மாடியில் துகள் பிரிவு. இரண்டு பிரிவும் ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தையில் இல்லை. வாசல் பலகையில் 'இழை' முதலில் வருவதா 'துகள்' முதலில் வருவதா என்று தொடங்கிய சண்டை. டைரக்டர் அதை அழகாகத் தீர்த்துவைத்தார். இரண்டு வாசல் திறந்து இரண்டு பலகை மாட்டினார். வேறு வேறான இரண்டு பொருள்களைப் பிரிக்க முடியாதபடி ஒட்டவைப்பது எப்படி என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுக்க வந்த நிறுவனத்தில், இரண்டாம் மாடிக்காரர் மூன்றாம் மாடி லிஃப்டில் ஏறமாட்டார்.

கலக்கியின் பிரச்சினை இதெல்லாம் இல்லை. பொடி.

பொடி பார்ப்பதற்கு உலர்ந்துதான் இருக்கும். ஆனால் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி ஒளித்து வைத்துக்கொள்ளும். அப்படியே எடுத்து உருகிய உலோகத்தில் போட்டால், கொதிக்கும் பாலில் மொத்தமாகக் கொட்டிய மாவு மாதிரி கட்டி கட்டியாக மிதக்கும். தாமரை இலையும் தண்ணீரும் போல உலோகம் ஒரு பக்கம், பொடி ஒரு பக்கம். சரியாகச் சேர வேண்டுமானால் உருகிய உலோகம் பொடியின் ஒவ்வொரு மணியையும் சுற்றி வளைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பிடித்துக்கொள்வதை உலைக்காரர்கள் 'நனையுது' என்பார்கள். அந்த நனைதலுக்கும் தண்ணீருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சொல்லப்போனால் ஜென்மப் பகை. நல்லா நனைய வேண்டுமா, பொடியை முதலில் நன்றாகக் காயவை. இதுதான் சூத்திரம்.

காயவைக்க ஒரு சின்ன அடுப்பு வேண்டும்.

கலக்கி எழுத்தில் கேட்டுப் பார்க்காமல் இல்லை. முதல் வருடம் கொள்முதல் பிரிவுக்கு எழுதினான். பதில் வந்தது: "தங்களிடம் ஏற்கெனவே ஓர் உலை உள்ளது. ஒருவருக்கு ஒன்று என்பதே விதி." அந்த உலையில் உலோகம் உருகிக்கொண்டிருக்கும்போது அதே உலையில் பொடியை எப்படிக் காயவைப்பது என்று மறுபடி எழுதினான். "அடுப்பு சமையலறைப் பொருள். கேன்டீனை அணுகவும்." கேன்டீன்காரர் அவன் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுச் சொன்னார்: "எனக்கே அடுப்பு கிடையாதுப்பா. வெளியிலிருந்து வாங்கிட்டு வந்து வெயில்ல வைக்கிறேன்."

விதியை மீறிக் கையெழுத்துப் போடக்கூடியவர் டைரக்டர் ஒருத்தர்தான். அவரிடம்தான் நேரில் கேட்க வேண்டும். கதை அங்கேதான் நின்றது.

ஆறு மாதம் பொறுத்துப் பார்த்தாள் ரொட்டிக்காரி. ஒரு நாள் மாவு பிசைந்தபடியே சொன்னாள்: "செவ்வாய்க்கிழமை எனக்குக் கடை லீவு. அடுப்பு சும்மாதானே கிடக்கு? அந்தக் கருப்பு மாவைக் கொண்டாங்க."

"ரொட்டி அடுப்புச் சூடு பத்தாதும்மா."

"ஒண்ணுமில்லாததுக்கு?"

ஒன்றுமில்லாததுக்கு அது தேவலைதான். செவ்வாய்க்கிழமை காலையில் அடுப்பை உச்சச் சூட்டில் வைத்து மூன்று மணி நேரம் பொடியைக் காயவைப்பார்கள். பிறகு தகர டப்பாவை இறுக்கி மூடி, பழைய கம்பளியில் சுற்றி, கலக்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவான்.

"என்ன சார் அது, பக்கத்துல நின்னாலே அனலா அடிக்குது?" என்றார் கண்டக்டர்.

"பொடி."

"என்ன பொடி?"

"அலுமினியத்துல போடறது."

கண்டக்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. வெயில் காலத்தில் அவன் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். மழைக்காலத்தில் அதற்கு அடிபிடி நடக்கும்.

நாலைந்து செவ்வாய்க்கிழமை ஆனதும் முதல் மாடி நுண்ணோக்கி மேடம் ஒன்றைக் கவனித்தார். கலக்கி வார்த்துக் கொடுக்கும் விரல் கனத்துக் கம்பிகளை வெட்டி, தேய்த்து, லென்ஸில் பார்ப்பது அவர் வேலை. மற்ற நாள் கம்பியில் பொடி ஒரே மூலையில் கும்பல் கூடி நின்றது. செவ்வாய்க்கிழமைக் கம்பியில் மட்டும் சொல்லிவைத்தாற்போல் சீராகப் பரவியிருந்தது. இழுத்துப் பார்த்தால் மற்றவை அறுந்த சுமையில் இது அசையக்கூட இல்லை.

மேடம் தரைத்தளத்துக்கு இறங்கி வந்தார். அதுவே ஒரு சரித்திரச் சம்பவம்.

"செவ்வாய்க்கிழமை நீங்க என்ன வித்தியாசமாப் பண்றீங்க?"

கலக்கி மறைக்கவில்லை. "பொடியை என் வீட்டம்மாவோட ரொட்டி அடுப்புல காயவைக்கிறேன் மேடம்."

மேடம் எழுத ஆரம்பித்தார். 'ரொட்டி' வரைக்கும் வந்து பேனாவை மூடினார். "இதை எழுத முடியாதே. ரொட்டி நம்ம துறை இல்லை."

"அப்ப என்ன எழுதுவீங்க?"

"கிழமைதான் இருக்கே."

அப்படிப் பிறந்ததுதான் 'செவ்வாய்க்கிழமை விளைவு'. முதலில் ஒரு கட்டுரையாக இருந்தது. அப்புறம் ஒரு கருத்தரங்கம் ஆனது. அதற்கப்புறம் டைரக்டர் தலைமையில் பதினாறு பேர் கொண்ட ஆய்வுக் குழு ஆனது. கிழமைக்கும் உலோகத்துக்கும் உள்ள உறவைப் பற்றி டைரக்டர் ஆற்றிய உரையை நிறுவனமே அச்சிட்டு நிறுவனத்துக்கே விநியோகித்தது.

"நம்மைப் பார்த்துக் கேட்கிறார்கள், இத்தனை வருடத்தில் என்ன தயாரித்தீர்கள் என்று," என்றார் டைரக்டர் அந்த உரையில். "பெருமையோடு சொல்கிறேன், ஒன்றும் தயாரிக்கவில்லை. தயாரித்திருந்தால் அதில் குறை கண்டுபிடித்திருப்பார்கள். நாம் தயாரிக்காத ஒவ்வொன்றுக்கும் நம்மிடம் முழுமையான அறிக்கை இருக்கிறது. வலுவூட்டல் என்றால் என்ன? மென்மையான ஒன்றுக்குள் கடினமான ஒன்றைப் புகுத்துவது. பதினோரு வருடமாக உங்களுக்குள் நான் செய்துவருவதும் அதுதான்."

கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று. கடைசி வரிசையில் இருந்த கலக்கியும் தட்டினான். எல்லாரும் தட்டும்போது ஒருத்தன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் நன்றாகவா இருக்கும்?

அடுத்து சுற்றறிக்கை வந்தது. இனி எல்லா வார்ப்பும் செவ்வாய்க்கிழமை மட்டுமே. ஒரே நாளில் எவ்வளவு வார்ப்பது? அடுத்த சுற்றறிக்கை அதையும் தீர்த்தது: "நிறுவன வளாகத்துக்குள் வியாழக்கிழமையும் செவ்வாய்க்கிழமையாகக் கருதப்படும்."

வியாழக்கிழமையைச் செவ்வாயாகக் கருதியதில் சில சிக்கல்கள் வரத்தான் செய்தன. வியாழக்கிழமை லீவு போட்டவர்களுக்கு ஒரே தேதியில் வியாழனுக்கு ஒன்றும் செவ்வாய்க்கு ஒன்றுமாக இரண்டு ஆப்சென்ட் விழுந்தது. கேன்டீனில் செவ்வாய்க்கிழமை சூப்பே வியாழக்கிழமையும் வந்தது. அதே சூப் என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். பொடி மட்டும் சுற்றறிக்கையைப் படிக்கவில்லை. வியாழக்கிழமை வழக்கம்போல் கட்டி கட்டியாக மிதந்தது. காரணம் ஆராய்ந்த துணைக்குழு, "ஊழியர்கள் மனத்தளவில் இன்னும் வியாழக்கிழமையிலேயே இருக்கிறார்கள்" என்று அறிக்கை கொடுத்தது.

"நீங்க ஏங்க சொல்லலை?" என்று வீட்டில் கேட்டாள் ரொட்டிக்காரி.

"மேடம்கிட்ட சொன்னேனே."

"டைரக்டர்கிட்ட?"

"அவர் இப்ப செவ்வாய்க்கிழமையைப் பத்திப் புத்தகம் எழுதறாரும்மா. பாதி முடிஞ்சிடுச்சாம். இப்பப் போய் அடுப்புன்னா அவர் மனசு என்ன பாடுபடும்?"

"உங்களுக்கு ஊர்ல இருக்கிறவங்க மனசெல்லாம் தெரியுது. மூணு மணி நேரம் அடுப்புக்கு முன்னாடி நிக்கிறவ மனசு மட்டும் தெரியலை."

அவன் மாவு மூட்டையை நகர்த்தி வைத்தான். கல்யாணமான இந்தப் பதினெட்டு வருடத்தில் அவன் மன்னிப்புக் கேட்ட விதமெல்லாம் அப்படித்தான். எதையாவது தூக்கி வைப்பான், எதையாவது பழுது பார்ப்பான், சொல்ல மட்டும் மாட்டான். அவளுக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் இத்தனை வருடம் அடுப்பைக் கொடுத்தாள்.

ஆனால் எதற்கும் ஒரு அளவு உண்டே. அது ஒரு புதன்கிழமை காலையில் தீர்ந்தது. பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கடைக்கு வந்து, அன்றைக்குப் புதிதாய்ச் சுட்ட பன்னைக் கடித்தார். 'கறுக்' என்று ஒரு சத்தம். பல்செட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அம்மா, உங்க பன்னு என் பல்லைத் தீட்டிடுச்சு," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வியப்பாகத்தான் சொன்னார். "ஒரு பக்கம் கத்தி மாதிரி இருக்கு பாருங்க."

இரும்பைத் தேய்க்கிற பொடி அது. பல்செட் எம்மாத்திரம்? டப்பா மூடியிலிருந்து சிந்திய நாலு மணி அடுப்புத் தட்டில் ஒட்டியிருந்திருக்கிறது.

அன்று மதியமே அவள் கடையைப் பாதி மூடினாள். தட்டுகளையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டுத் தேய்த்தாள். வேலை முடிந்து வந்த கலக்கி வாசலில் நின்றான். அவள் நிமிரவில்லை.

"அவர் நல்லவர், சிரிச்சுட்டுப் போயிட்டார். வேற யாராவதா இருந்தா? ஒரு குழந்தை கடிச்சிருந்தா?"

கலக்கி குனிந்து ஒரு தட்டைக் கையில் எடுத்தான்.

"பதினாலு வருஷம் இந்த அடுப்பு. ஒரு ரொட்டி கருகிச்சுன்னு யாரும் சொன்னதில்லை. உங்க டப்பா இனிமே இதுக்குள்ள வரக் கூடாதுங்க. நான் கோபத்துல சொல்லலை. கோபமா இருந்தா நாளைக்கு மாறிடும். இது மாறாது."

கலக்கி தட்டுகளைத் துடைத்து உள்ளே அடுக்கினான். எல்லாத் தட்டையும் அடுக்கி முடித்த பிறகும் அவள் பார்க்கவில்லை.

"கேக்கறேம்மா," என்றான்.

"யார்கிட்ட?"

"அவர்கிட்டதான்."

"எங்கிட்ட சொல்றதுல ஒண்ணும் குறைச்சலில்லை," என்றாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பொடி மிதந்தது. அதற்கடுத்த செவ்வாய்க்கிழமையும். மேலே பெரிய கலவரம். ஆட்சிக் குழுத் தலைவரம்மா ஒரு மாதத்தில் பார்வையிட வருகிறார்; செவ்வாய்க்கிழமை விளைவைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறார்; விளைவு காணாமல் போய்விட்டது! டைரக்டர் அறையிலிருந்து கலக்கிக்கு ஒரு படிவம் வந்தது. 'தோல்விக் காரண அறிவிப்புப் படிவம்'. எட்டுப் பக்கம். பெயர், பதவி, பிறந்த தேதி, உயரம், கடைசியாகத் தோல்வியடைந்த தேதி எல்லாவற்றுக்கும் தாராளமாக இடம். காரணம் எழுத மட்டும் ஒரே ஒரு கோடு. கீழே சின்ன எழுத்தில்: 'மூன்று சொற்களுக்கு மிகாமல்.'

கலக்கி ஒரு மணி நேரம் யோசித்தான். 'அடுப்பு வேண்டும் ஐயா' என்று எழுதலாமா? அது காரணமில்லையே, கோரிக்கை அல்லவா? கோரிக்கைக்கு வேறு படிவம். கடைசியில், தொழில் தெரிந்த யாருக்கும் புரிகிற மாதிரி எழுதினான்:

'பொடி சரியாக நனையவில்லை.'

டைரக்டர் அதைப் படித்தார். தொழில் தெரிந்த யாரும் அப்போது அறையில் இல்லை.

"நனையலையா?" என்று மேஜையைத் தட்டினார். "பதினோரு வருஷமா நனைக்காமலா போட்டுக்கிட்டிருக்கோம்? எங்கிட்ட ஒருத்தர்கூடச் சொல்லலையே! இந்தக் கட்டடத்துல தண்ணி இல்லையா?"

மறுநாளே நனைத்தல் திட்டம் அறிவிக்கப்பட்டது. நனைத்தல் மேலாண்மைக் குழு அமைந்தது. வெந்நீரா தண்ணீரா என்று மூன்று அமர்வு விவாதித்தார்கள். பொடிக்கு முன்னால் இழையைத்தான் நனைக்க வேண்டும் என்று மூன்றாம் மாடி போர்க்கொடி பிடித்தது; அவர்களுக்குத் தனிக் குழாய் தருவதாகச் சமாதானம் ஆயிற்று. மொட்டைமாடியில் தொட்டி எழும்பியது. அதிலிருந்து பளபளவென்று ஒரு குழாய் நான்கு மாடியும் இறங்கி வந்து, கலக்கியின் உலைக்கு நாலடி தள்ளி, பித்தளைத் திருகோடு நின்றது.

கலக்கி அதன் திருகை ஒரு முறைக்கு இரண்டு முறை இறுக்கி மூடினான். உருகிய அலுமினியத்துக்குள் ஈரம் போனால் என்ன ஆகும் என்று அவன் முழங்கைத் தழும்புக்குத் தெரியும். சரியாகக் காயாத ஒரு கரண்டியில் இருந்த ஈரம்தான் அது. ஒரு துளிகூட இல்லை. அந்தத் துளிக்குறைச்சல் ஈரம் ஆவியாக வெடித்து, ஒரு கரண்டி உலோகத்தைக் கூரைவரை வீசியது. இவர்கள் குழாயே போட்டிருக்கிறார்கள்.

இந்த முறை அவன் அசையாமல் இல்லை. குழுக் கூட்டத்துக்கே போனான். அவன் பேசவேண்டியது நிகழ்ச்சி நிரலில் பதினான்காவதான 'இதர விஷயங்கள்'. பதின்மூன்றாவதில் தேநீர் வந்துவிட்டது. தேநீருக்குப் பிறகு கூட்டம் நடந்ததாக நிறுவன வரலாற்றில் இல்லை. எழுதிக் கொடுத்தான்: 'தண்ணீர் பட்டால் வெடிக்கும்.' பதில் வந்தது: "வெடிப்பு, பாதுகாப்புப் பிரிவின் பொருள். அப்பிரிவின் அதிகாரி நீண்ட விடுப்பில் உள்ளார். அவர் திரும்பியதும் வெடிப்பு பரிசீலிக்கப்படும்."

நுண்ணோக்கி மேடத்தைப் பார்க்க முதல் மாடி ஏறினான்.

"எனக்குத் தெரியாதா?" என்றார் மேடம், கதவைச் சாத்திவிட்டு. "படிச்சவதானே நான்."

"அப்ப நீங்க சொல்லுங்க மேடம். நீங்க சொன்னா கேப்பாங்க."

"எப்படிச் சொல்றது? நான் அந்தக் குழுவோட செயலாளர். நானே எழுதின தீர்மானத்தை நானே தப்புன்னா, எழுதினது யாருன்னு கேப்பாங்களே?"

விழாவுக்கு முதல் நாள் ரொட்டிக்கடையில் ஓர் ஆர்டர் வந்தது. நூற்றைம்பது பன், நூற்றைம்பது பிஸ்கட் பொட்டலம், திறப்பு விழாவுக்கு.

"எதுக்குங்க திறப்பு விழா? அடுப்பு வாங்கிட்டாங்களா?"

"தண்ணிக் குழாய்."

"எங்க?"

"உலைக்குப் பக்கத்துல."

அவள் கையிலிருந்த மாவு உருண்டையைக் கீழே வைத்தாள். பதினெட்டு வருடம் உலைக்காரனோடு குடித்தனம் பண்ணியவள். அந்தத் தழும்புக்கு மருந்து போட்டவளும் அவள்தான். "நாளைக்கு நீங்க வேலைக்குப் போகாதீங்க," என்றாள்.

"நான் போகலைன்னா வேற யாரையாவது நிக்க வைப்பாங்க. அவங்களுக்கு மூடி எங்க இருக்குன்னுகூடத் தெரியாது."

"அப்பச் சொல்லுங்க."

"சொல்லாமலே சமாளிக்க ஒரு வழி வச்சிருக்கேன்."

"எப்பவும் அதுதான் உங்ககிட்ட இருக்கு," என்றாள் அவள். அன்றைக்கு அவள் குரலில் கேலி இல்லை.

அவன் வழி இதுதான். தலைவரம்மா குழாயைத் திறப்பார், ஒரு பீங்கான் கிண்ணத்துப் பொடி நனையும், அந்தப் பொடியில் ஒரு கரண்டி எடுத்து உலைக்குள் போடுவார், ஃபோட்டோ எடுப்பார்கள். அதே மாதிரி இன்னொரு கிண்ணத்தில் உலர்ந்த பொடியைத் தயாராக வைத்திருந்து, கைதட்டலுக்கு நடுவே மாற்றிவிட வேண்டும். உலர்ந்த பொடி கட்டி தட்டும், மிதக்கும், மானம் போகும். உயிர் போகாது.

செவ்வாய்க்கிழமை. உண்மையான செவ்வாய்க்கிழமை. தரைத்தளத்தில், விடுப்பிலிருந்த பாதுகாப்பு அதிகாரி தவிர, எல்லாரும் கூடினார்கள். பாதிப் பேருக்கு உலை எங்கிருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. ஃபோட்டோவில் தெரிய வேண்டும் என்பதற்காக உலையின் மூடியைத் திறந்தே வைக்கச் சொல்லியிருந்தார்கள். பானை நிறைய அலுமினியம் நிலாத் துண்டு மாதிரி தகதகத்தது. பக்கவாட்டுக் கதவருகே ரொட்டிக்காரி பன் தட்டோடு நின்றாள். தட்டை எங்கே வைப்பது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

டைரக்டர் பேசினார். "இன்று வரலாறு நனைகிறது," என்று தொடங்கினார். "தண்ணீரும் நெருப்பும் சேராது என்று சில கீழ்மட்ட ஊழியர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்: அவை இதுவரை சேராததற்குக் காரணம், அவற்றுக்கென்று ஒரு குழு இல்லாததுதான்."

தலைவரம்மா ரிப்பனை வெட்டித் திருகைத் திறந்தார். தண்ணீர் பொடியில் விழுந்தது. கருப்புச் சேறு. எல்லாரும் கைதட்டினார்கள். கலக்கி குனிந்து மேஜைக்கடியில் இருந்த உலர்ந்த கிண்ணத்தை எடுத்தான்.

கிண்ணம் கனத்தது. உள்ளே பார்த்தான். அதிலும் சேறு.

"நான்தான் ஊத்தினேன்," என்று அவன் காதருகே பெருமையாகச் சொன்னார் இழைப் பிரிவுத் தலைவர். "காஞ்சு போய் இருந்துச்சு. விழா நேரத்துல மானம் போயிருக்குமே. நல்ல வேளை, என் கையில தண்ணி பாட்டில் இருந்துச்சு."

ஒன்பது வருடத்தில் இழைப் பிரிவு துகளுக்குச் செய்த முதல் உதவி அது.

தலைவரம்மாவின் கையில் வெள்ளிக் கரண்டி. அதிலிருந்து கருப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. ஒவ்வொரு சொட்டும் உலைக்கு ஓரடி கிட்டே. ஃபோட்டோக்காரர் "இன்னும் கொஞ்சம் முன்னாடி வாங்கம்மா" என்றார். டைரக்டர், மாடிக்காரர்கள், பன் தட்டோடு நிற்கிற அவள், எல்லாரும் பத்தடிக்குள்.

கலக்கிக்கு அதன் பிறகு யோசனை இல்லை. நீளக் கொறட்டால் மூடியை இழுத்துப் பானையின் மேல் 'டங்' என்று போட்டான். உலைக்கும் கரண்டிக்கும் நடுவில் போய் நின்றான். இரண்டு கையையும் விரித்தான், பஸ்ஸை மறிக்கிறவன் மாதிரி.

கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது.

"போடாதீங்கம்மா," என்றான். "வெடிச்சிடும்."

"யார் இவர்?" என்றார் தலைவரம்மா.

"கலக்கறவர்தான் மேடம்," என்றார் டைரக்டர் அவசரமாக. "கலக்கி, கொஞ்சம் ஒதுங்கு. ஏதாவது சொல்லணும்னா அப்புறம் எழுதிக் கொடு."

"எழுதிட்டேன் சார். விடுப்புல இருக்கு."

"நனையலைன்னு எழுதினது நீதானே? நனைச்சுக் கொடுத்தா வேண்டாங்கறியே!"

"அது உலோகத்துல நனையறது சார். தண்ணியில இல்லை. தண்ணி பட்டா..." அவன் சட்டைக் கையை மடித்து முழங்கையைக் காட்டினான். "இது ஒரு துளிகூட இல்லை. நீங்க ஒரு கரண்டி வச்சிருக்கீங்க."

தலைவரம்மா தழும்பைப் பார்த்தார். கரண்டியைப் பார்த்தார். மெதுவாக இரண்டடி பின்னால் போய், கரண்டியை டைரக்டர் கையில் கொடுத்தார். டைரக்டர் அதைத் துணை இயக்குநரிடம் கொடுத்தார். அது கைமாறிக் கைமாறிக் கூட்டத்தின் கடைசி வரைக்கும் போயிற்று. இவ்வளவு வேகமாக அந்த நிறுவனத்தில் எந்தக் கோப்பும் நகர்ந்ததில்லை.

"இவர் சொல்றது சரியா?" என்று தலைவரம்மா பொதுவாகக் கேட்டார்.

நுண்ணோக்கி மேடம் தன் செருப்பைப் பார்த்தார். "தத்துவரீதியாச் சரிதான் மேடம்," என்றார்.

"சரி, தண்ணி வேண்டாம்." தலைவரம்மா கலக்கியின் பக்கம் திரும்பினார். "அப்ப உங்களுக்கு என்னதான் வேணும்?"

இத்தனை வருடத்தில் அந்தக் கட்டடத்தில் யாரும் அவனிடம் அப்படிக் கேட்டதில்லை. ஒன்றுமில்லைங்கம்மா என்று சொல்லத்தான் நாக்கு முதலில் புரண்டது, பழக்கதோஷம். டைரக்டர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். செவ்வாய்க்கிழமைப் புத்தகத்தின் மிச்சப் பாதி அந்தக் கண்ணில் தெரிந்தது. அதையும் பார்த்தான். பாவமாகத்தான் இருந்தது.

கதவருகே அவள் பன் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லுங்க என்று அவள் வாய் அசையவில்லை. சும்மா பார்த்தாள்.

கலக்கி விரித்த கைகளை இறக்கினான்.

"ஒரு அடுப்பு வேணும்மா," என்றான். குரல் அவன் நினைத்ததைவிடப் பெரிதாக, படிக்கட்டு வழியே மேல்மாடிவரை கேட்டது. "பொடியைக் காயவைக்க. சின்னதா இருந்தாப் போதும்."